வராக்கடனும் வட்டியும்: இந்திய வங்கிகளின் கணக்கு வெளிச்சத்துக்கு வந்த வரலாறு

ஒருவரிடம் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கடனாகக் கொடுத்து, இரண்டு வட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் நடப்பதே வணிக வங்கித் தொழில். கொடுத்த கடனில் ஒரு பகுதி திரும்பாமல் போவது இத்தொழிலில் இயல்பு. மழை பொய்த்தால் உழவரின் கடன் நிற்கும். சந்தை சரிந்தால் ஆலையின் கடன் நிற்கும். இவ்வாறு நின்றுபோன கடனைப் பொதுவழக்கில் வராக்கடன் என்கிறோம். வங்கி நிர்வாகத்தில் இதற்குச் செயல்படாச் சொத்து என்று பெயர். கொடுத்த கடன் வங்கிக்குச் சொத்து என்பதால் இந்தப் பெயர் வந்தது.

இந்திய வங்கிகளின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. வராக்கடன் இல்லாத வங்கி எக்காலத்திலும் இருந்ததில்லை. அதை உரிய நேரத்தில் ஒப்புக்கொண்ட வங்கிகள் அடிபட்டாலும் பிழைத்தன. மறைத்து வைத்தவை திடீரென்று சாய்ந்தன. மறைத்ததற்கான செலவையோ, கடனை ஒழுங்காகக் கட்டியவர்களும் சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் வட்டியின் வழியாகச் சுமந்தார்கள். வட்டி, வெளிப்படைத்தன்மை, வராக்கடன் ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எளிய கணக்கு

வரலாற்றுக்குள் போகுமுன் பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வங்கி 100 ரூபாயை 6 விழுக்காடு வட்டிக்கு வைப்பாகப் பெற்று, 10 விழுக்காடு வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறது என்று கொள்வோம். ஆண்டு முடிவில் மிஞ்சுவது 4 ரூபாய். ஊழியர் சம்பளம், வாடகை முதலிய செலவுகளுக்கு 2 ரூபாய் போனால் நிகர வருவாய் 2 ரூபாய்.

இப்போது 100 ரூபாய்க் கடன் ஒன்று முழுவதுமாக மூழ்கிவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, நல்ல கடன்கள் 50-இன் ஓராண்டு இலாபம் தேவைப்படும். கடன் வாங்கியவர் கைவிரித்துவிட்டார் என்பதற்காக, வைப்பு வைத்தவரிடம் வங்கி கைவிரிக்க முடியாது. அவருக்கு 106 ரூபாயைக் கொடுத்தே ஆகவேண்டும்.

இந்த நிலையில் வங்கிக்கு மூன்று வழிகள் உண்டு. மற்றக் கடன்தாரர்களிடம் வட்டியைக் கூட்டலாம். வைப்பாளர்களுக்குக் கொடுக்கும் வட்டியைக் குறைக்கலாம். உரிமையாளர்களின் மூலதனத்தில் கை வைக்கலாம். பொதுத்துறை வங்கியில் உரிமையாளர் அரசு என்பதால், மூன்றாவது வழி மக்களின் வரிப்பணத்தில் போய் முடியும். இவை மூன்றும் வேண்டாம் என்றால் நான்காவது வழி ஒன்று இருக்கிறது. கடன் நின்றுபோகவே இல்லை என்று கணக்கு எழுதுவதே அது. இந்திய வங்கி வரலாற்றின் பல அத்தியாயங்கள் இந்த நான்காவது வழியைப் பற்றியவை.

அர்பத்நாட் வீழ்ச்சி, 1906

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் புகழ்பெற்ற ஆங்கில வணிக நிறுவனங்கள் மூன்று: பாரி, பின்னி, அர்பத்நாட். இவற்றுள் அர்பத்நாட் நிறுவனம் வாணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தி வந்தது. அதன் தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட், மாகாணத்தின் பெரிய மனிதர்களுள் ஒருவர். அந்தப் பெயரை நம்பி அலுவலர்கள், ஓய்வூதியர்கள், வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள் எனப் பலரும் தங்கள் சேமிப்பை அங்கே வைத்திருந்தார்கள்.

1906 அக்டோபர் 22 அன்று அந்நிறுவனம் கதவை மூடியது. அதன் கூட்டாளி ஒருவர் லண்டனில் ஈடுபட்ட ஊக வணிகத்தால் பணம் கரைந்திருந்தது. ஆனால், மூடும் நாள் வரை சென்னையிலிருந்த வைப்பாளர்களுக்கு அது தெரியாது. அர்பத்நாட் ஒரு கூட்டாண்மை நிறுவனம். பொதுமக்கள் பார்க்கும்படி கணக்கு வெளியிட வேண்டிய கடமை அதற்கு இல்லை. வைப்பாளர்கள் கணக்கைப் பார்த்து நம்பவில்லை. பெயரைப் பார்த்து நம்பினார்கள். பின்னர் நடந்த வழக்கில் சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தத் திவால் வழக்கில் வைப்பாளர்களுக்காக உழைத்த வழக்கறிஞர்களுள் முதன்மையானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்தியர்களின் பணத்தை இந்தியர்களே நிர்வகிக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. அவர் முன்னின்று முயன்றதன் பயனாக 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1907 ஆகஸ்டு 15 அன்று அது செயல்படத் தொடங்கியது. சுதேசி இயக்கம் ஓங்கியிருந்த அக்காலத்தில் நாட்டின் பிற பகுதிகளிலும் புதிய வங்கிகள் பல எழுந்தன.

ஆளும் கை மாறினால் மட்டும் போதாது என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. 1913-இல் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும், வெள்ளிச் சந்தையில் சூதாடிய பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் வீழ்ந்தன. 1913 முதல் 1918 வரை 90-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. மூலதனம் போதாமை, நீண்டகாலக் கடன்களில் பணத்தை முடக்கியது, இயக்குநர்கள் தங்களுக்கே கடன் கொடுத்துக்கொண்டது, கணக்கில் ஒளிவுமறைவு ஆகியவை இவ்வீழ்ச்சிகளில் பொதுவாகக் காணப்பட்ட குறைகள். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் மேலே ஓர் அமைப்பு அப்போது இல்லை.

பாலை மத்திய வங்கி, 1960

இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் 1949-இல் வந்தது. ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பை வெளியிட வேண்டும் என்றும், ரிசர்வ் வங்கி எந்த வங்கியின் ஏடுகளையும் ஆய்வு செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறியது. இதன் மூலம் மேற்பார்வையாளருக்கு வங்கியின் உள்நிலை தெரியவந்தது. ஆனால், வைப்பாளருக்கு அது தெரியவேண்டுமா என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்தக் கேள்வியின் கூர்மையைக் காட்டியது பாலை மத்திய வங்கியின் வீழ்ச்சி.

1927-இல் கேரளத்தின் பாலை நகரில் தொடங்கப்பட்ட இவ்வங்கி, அம்மாநிலத்தின் மிகப் பெரிய வங்கியாக வளர்ந்திருந்தது. திரும்பி வரும் என்ற நம்பிக்கை குறைந்த கடன்கள் அதன் ஏட்டில் பெருகிக் கிடப்பதை ரிசர்வ் வங்கி தன் ஆய்வுகளில் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருந்தது. உடனே மூடினால் மற்ற வங்கிகளின் வாசலிலும் கூட்டம் கூடிவிடும் என்ற அச்சம் இருந்தது. வங்கியைத் திருத்தி எடுக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. எனவே திருத்தும் முயற்சி வெளியே தெரியாமல் நடந்தது. அந்த ஆண்டுகளிலும் மக்கள் அங்கே பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1960 ஆகஸ்டு 8 அன்று, ரிசர்வ் வங்கியின் மனுவை ஏற்றுக் கேரள உயர்நீதிமன்றம் வங்கியைக் கலைக்கும் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. இதற்கு வழிசெய்த சட்டப்பிரிவு செல்லும் என்று 1962-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ரிசர்வ் வங்கியின் அச்சத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. எந்த வங்கியும் வைப்பாளர்களின் பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. எல்லாரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால் நல்ல வங்கியும் திணறும். ஆகவே, வங்கியின் நோயை வெளியே சொன்னால் அதுவே சாவுக்குக் காரணமாகிவிடும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பாலை வங்கியின் கதை மறுபக்கத்தையும் காட்டுகிறது. நோய் வெளியே தெரியாத ஆண்டுகளில் புதிதாகப் பணம் போட்டவர்கள், தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள். முன்பு போட்டவர்களைக் காக்க, பின்னால் வந்தவர்களை அறியாமல் உள்ளே விட்டதாக அது முடிந்தது.

இந்த வீழ்ச்சி இரண்டு சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்தது. முதலாவது, வலுவற்ற வங்கிகளை வலுவுள்ள வங்கிகளோடு இணைக்கும் அதிகாரம் விரிவாக்கப்பட்டது. 1951-இல் 566 ஆக இருந்த வணிக வங்கிகளின் எண்ணிக்கை, 1960-களின் இறுதிக்குள் நூற்றுக்கும் கீழே வந்தது. இரண்டாவது, வைப்புக் காப்பீடு. 1962 ஜனவரி 1 முதல், ஒரு வங்கி வீழ்ந்தால் ஒவ்வொரு வைப்பாளருக்கும் 1,500 ரூபாய் வரை கிடைக்க உறுதி செய்யப்பட்டது. இந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 1993-இல் 1 இலட்சம் ரூபாயாகவும், 2020 பிப்ரவரியில் 5 இலட்சம் ரூபாயாகவும் ஆனது.

ஆனால், வெளிப்படைத்தன்மையில் சட்டம் எதிர்த்திசையில் நடந்தது. அதே 1960-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 34அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தொழில் தகராறு வழக்குகளில், வெளியிடப்பட்ட கணக்கில் காட்டாத காப்புநிதியைப் பற்றியோ, வராக்கடனுக்காக ஒதுக்கிய தொகையைப் பற்றியோ வெளியிடுமாறு வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது அப்பிரிவு. வராக்கடன் வங்கியின் அந்தரங்கம் என்ற எண்ணம் இவ்வாறு சட்டத்தின் சொற்களிலேயே இடம்பெற்றது.

அரசு வங்கிகளும் அரசு நிர்ணயித்த வட்டியும்

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளும், 1980 ஏப்ரல் 15 அன்று மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. கிராமங்களுக்கு வங்கிக் கிளைகள் வந்தன. உழவருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் வங்கிக் கடன் எட்டியது. கந்துவட்டிக்காரர் ஒருவரே கதி என்றிருந்த நிலை பல ஊர்களில் மாறியது. இது மறுக்க முடியாத நன்மை. அரசே உரிமையாளர் என்பதால், வங்கி மூழ்கிவிடும் என்ற அச்சமும் மக்களிடமிருந்து அகன்றது.

இக்காலத்தில் வட்டியைச் சந்தை தீர்மானிக்கவில்லை. எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு வட்டி என்பதை ரிசர்வ் வங்கியே அட்டவணை போட்டு நிர்ணயித்தது. 1972-இல் வந்த ஒரு திட்டத்தில் மிக ஏழைகளுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் கொடுக்கப்பட்டது. அதே வேளையில் வங்கிகள் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் ரிசர்வ் வங்கி இருப்பிலும் முடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 38.50 ரூபாய் அரசுப் பத்திரம் போன்றவற்றிலும், 15 ரூபாய் ரொக்க இருப்பாகவும் வைக்கப்பட வேண்டியிருந்தது.

வராக்கடனைப் பொறுத்தவரை, 1985-இல் ரிசர்வ் வங்கி கடன்களை எட்டு வகையாகப் பிரிக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால், அந்தப் பகுப்பு வங்கிக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலேயே நின்றது. வெளியிடப்பட்ட கணக்கைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைவிட முக்கியமான ஒரு குறையும் இருந்தது. கடன்தாரர் வட்டி கட்டாவிட்டாலும், கட்ட வேண்டிய வட்டியை வருவாயாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. ஏட்டில் இலாபம் ஏறியது. பெட்டியில் பணம் ஏறவில்லை.

நரசிம்மம் குழு, 1991

1991-இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் எம். நரசிம்மம் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் குழு அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளில் நம் பொருளுக்கு நெருக்கமானவை மூன்று. வராத வட்டியை வருவாயாகக் காட்டக்கூடாது. நின்றுபோன கடன்களை அவற்றின் நிலைக்கேற்ப வகைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் உரிய அளவில் இலாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்ய வேண்டும்.

1992–93 நிதியாண்டு முதல் இவ்விதிகள் நடைமுறைக்கு வந்தன. தொடக்கத்தில், நான்கு காலாண்டுகள் பாக்கி நின்றால்தான் ஒரு கடன் செயல்படாச் சொத்து. பிறகு அது மூன்று காலாண்டு, இரண்டு காலாண்டு என்று சுருங்கியது. 2004 மார்ச்சு முதல் 90 நாள் என்ற உலக வழக்குக்கு இந்தியாவும் வந்து சேர்ந்தது.

அளவுகோல் வந்ததும் உண்மை வெளியே வந்தது. 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வராக்கடன், அவை கொடுத்த கடனில் 23.2 விழுக்காடு என்று தெரிந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அவ்வளவும் அந்த ஓராண்டில் நின்றுபோன கடனில்லை. பல்லாண்டாகச் சேர்ந்தது முதன்முறையாக எண்ணப்பட்டது.

அர்பத்நாட்டின் சாம்பலிலிருந்து எழுந்த இந்தியன் வங்கியும் இதற்கு விலக்கன்று. பெருங்கடன்கள் பல நின்றுபோனதால், 1995–96-இல் அது 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. அதுவரை இந்திய வங்கி எதுவும் காட்டாத பெருநட்டம் அது. ஆயினும், வங்கி மூடப்படவில்லை. நட்டம் வெளிப்படையாக ஏற்கப்பட்டது, அரசு மூலதனம் கொடுத்தது, நிர்வாகம் சீர்செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் வங்கி மீண்டும் இலாபப் பாதைக்குத் திரும்பியது. 1906-இல் அர்பத்நாட் மூடியபின் உண்மை தெரிந்தது. 1996-இல் உண்மை தெரிந்தபின் வங்கி காப்பாற்றப்பட்டது. காப்பாற்றிய பணம் வரிப்பணம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கடன் மீட்புக்கும் சட்டங்கள் வந்தன. 1993-இல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போகாமலே பிணையச் சொத்தை வங்கி கையகப்படுத்த 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நொடித்துப்போன நிறுவனங்களுக்கான திவால் சட்டத் தொகுப்பு 2016-இல் வந்தது.

வட்டியிலும் ஒளிவுமறைவு

1994 அக்டோபரில் 2 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கான வட்டியை வங்கிகளே நிர்ணயிக்கலாம் என்ற நிலை வந்தது. வைப்புகளுக்கான வட்டியும் படிப்படியாக விடுவிக்கப்பட்டது. கடைசியாக 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கின் வட்டியும் வங்கிகளின் முடிவுக்கு விடப்பட்டது.

விடுதலை கிடைத்ததும் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. ஒவ்வொரு வங்கியும் முதன்மைக் கடன் வட்டி என்று ஒரு விகிதத்தை அறிவிக்கும். பெயரைப் பார்த்தால் மிக நம்பகமான வாடிக்கையாளருக்கான வட்டி அது. நடைமுறையிலோ, பேரம் பேசும் வலுவுள்ள பெருநிறுவனங்கள் அதற்கும் கீழே கடன் வாங்கின. வீட்டுக்கடன் வாங்கிய ஆசிரியருக்கும் சிறு கடைக்காரருக்கும் அந்த வலு இல்லை. அறிவிக்கப்பட்ட விகிதம் உண்மையான விகிதத்தைக் காட்டவில்லை.

இதைச் சரிசெய்ய 2010 ஜூலையில் அடிப்படை விகிதம் என்ற முறை வந்தது. சில விலக்குகள் நீங்கலாக, அதற்குக் கீழே எவருக்கும் கடன் கொடுக்கக்கூடாது. 2016 ஏப்ரலில் புதிய நிதி திரட்டும் செலவை அடிப்படையாகக் கொண்ட எம்.சி.எல்.ஆர். முறை வந்தது. அப்போதும் குறை தீரவில்லை. 2015 ஜனவரியில் 8 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம் 2017 ஆகஸ்டுக்குள் 6 விழுக்காடாகக் குறைந்தது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி. அது குறைந்த அளவுக்குப் பழைய கடன்தாரர்களின் வட்டி குறையவில்லை. வங்கிகள் தங்கள் வட்டிக் கணக்கீட்டை விருப்பம்போல் மாற்றிக்கொண்டதை ரிசர்வ் வங்கி அமைத்த ஆய்வுக்குழுவே 2017-இல் சுட்டிக்காட்டியது.

அக்காலத்தில் வங்கிகளின் ஏட்டில் வராக்கடன் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நின்றுபோன பெருங்கடன்களுக்கு ஒதுக்கீடு செய்ய இலாபம் வேண்டும். வட்டியைக் குறைத்தால் இலாபம் சுருங்கும். நாம் தொடக்கத்தில் போட்ட கணக்கின் முதல் வழி இதுதான். 2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் வழங்கும் புதிய தனிநபர் கடன், வீட்டுக்கடன், சிறுதொழில் கடன் ஆகியவற்றை ரெப்போ போன்ற வெளிப்புற அளவுகோலோடு இணைக்குமாறு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இப்போது ரெப்போ மாறினால் இத்தகைய கடனின் வட்டியும் மாறுகிறதா என்பதைக் கடன்தாரரே சரிபார்க்கலாம்.

பசுமைப் பூச்சும் 2015 ஆய்வும்

2004-க்குப் பின் வந்த வளர்ச்சி ஆண்டுகளில் மின்சாரம், எஃகு, சாலை ஆகிய துறைகளுக்கு வங்கிகள் பெருங்கடன் கொடுத்தன. பின்னர் திட்டங்கள் தாமதமாயின, நிலக்கரி ஒதுக்கீடுகள் நீதிமன்றத்தால் இரத்தாயின, உலகச் சந்தை சரிந்தது. கடன்கள் நிற்கத் தொடங்கின. ஆனால், வெளியிடப்பட்ட கணக்குகளில் அது முழுதாகத் தெரியவில்லை.

எப்படி மறைத்தார்கள்? 100 கோடி ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 12 கோடி என்று கொள்வோம். நிறுவனத்தால் கட்ட முடியவில்லை. வங்கியே அதற்கு 12 கோடி ரூபாய் புதுக்கடன் கொடுக்கிறது. அந்தப் பணத்தால் நிறுவனம் பழைய வட்டியைக் கட்டுகிறது. ஏட்டில் 12 கோடி வருவாய், 112 கோடி நல்ல கடன். உண்மையில் ஒரு காசுகூட வரவில்லை. பட்ட மரத்துக்குப் பச்சை வண்ணம் அடிப்பது போன்ற இச்செயலைப் பசுமைப் பூச்சு எனலாம். இதைத் தவிர, கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் தவணையை நீட்டி, அக்கடனை நல்ல கடன் என்றே காட்டும் சலுகையும் 2015 மார்ச்சு வரை இருந்தது.

2015-இல் ஆளுநர் ரகுராம் ராஜன் காலத்தில் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. பெருங்கடன்களை வங்கி வங்கியாகச் சென்று பார்த்து, எவை உண்மையில் நின்றுபோனவை என்று வகைப்படுத்தச் சொன்னது. 2015 மார்ச்சில் 4.3 விழுக்காடாகச் சொல்லப்பட்ட மொத்த வராக்கடன், 2018 மார்ச்சில் 11 விழுக்காட்டைத் தாண்டியது. தொகையில் அது 10 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 இலட்சம் கோடி ரூபாய் மூலதனம் திரட்டும் திட்டத்தை 2017 அக்டோபரில் அரசு அறிவித்தது. ஆய்வுதான் வங்கிகளைக் கெடுத்தது என்று சிலர் குறை கூறினர். வெப்பமானியால் காய்ச்சல் வந்தது என்பது போன்ற வாதம் அது.

தகவல் யாருக்குச் சொந்தம்?

ரிசர்வ் வங்கியின் ஆய்வு அறிக்கைகளையும் கடன் கட்டாதவர்களின் பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டவர்களுக்கு நெடுங்காலம் மறுப்பே கிடைத்தது. வங்கிகள் நம்பிக்கையின் பேரில் தரும் தகவலை வெளியிட முடியாது என்பது ரிசர்வ் வங்கியின் வாதம். 2015 டிசம்பர் 16 அன்று உச்சநீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்கள் நலனைக் காப்பதே, தனிப்பட்ட வங்கிகளின் நலனைக் காப்பதன்று என்று அது தெளிவுபடுத்தியது. அதற்குப் பின்னும் தகவல் மறுக்கப்பட்டதால், 2019 ஏப்ரலில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ரிசர்வ் வங்கியை உச்சநீதிமன்றம் எச்சரித்தது. தங்கள் தகவல் வெளியாவதை எதிர்த்து வங்கிகள் சில மீண்டும் வழக்குத் தொடுத்தன. 2022-இல் அவை விசாரணைக்கு உரியவை என்று நீதிமன்றம் கூறியது. பாலை வங்கிக் காலத்துக் கேள்வி இன்றும் முற்றுப்பெறவில்லை.

இதற்கிடையே 2017 ஏப்ரலில் வந்த ஒரு விதி பெரும் பயன் தந்தது. வங்கி சொன்ன வராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டறிந்ததற்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்பதே அவ்விதி. தனியார் துறையின் எஸ் வங்கி 2016 மார்ச்சு முடிவில் தன் மொத்த வராக்கடன் ஏறத்தாழ 749 கோடி ரூபாய் என்று சொல்லியிருந்தது. ரிசர்வ் வங்கி கண்டதோ ஏறத்தாழ 4,926 கோடி. இந்த வேறுபாடு 2017-இலேயே அச்சில் வந்துவிட்டது. 2020 மார்ச்சு 5 அன்று அவ்வங்கியின் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. பின்னர் பாரத ஸ்டேட் வங்கி முதலியவை மூலதனம் போட்டு அதைக் காத்தன. ஆண்டறிக்கையைப் படித்தவர்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது.

அதே 2020 நவம்பரில், 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியும் தனித்து நிற்க முடியாமல் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சிலேயே அதன் மொத்த வராக்கடன் 25 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வைப்பாளர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது.

இன்றைய நிலையும் படிக்க வேண்டியவையும்

2024 மார்ச்சில் இந்திய வணிக வங்கிகளின் மொத்த வராக்கடன் 2.8 விழுக்காடாகக் குறைந்தது. இதில் உண்மையான முன்னேற்றம் உண்டு. ஆனால், குறைந்த அனைத்தும் வசூலானதன்று. முழு ஒதுக்கீடு செய்யப்பட்ட பழைய கடன்களை வங்கிகள் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுகின்றன. இது கணக்கு நீக்கம்; கடன் தள்ளுபடி அன்று. கடன்தாரர் கட்ட வேண்டிய பொறுப்பு தொடரும், வங்கியும் வசூல் முயற்சியைத் தொடரலாம். எனினும், அதற்கான இழப்பை வங்கி முன்பே தன் இலாபத்திலிருந்து ஏற்றுவிட்டது. இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வங்கியின் ஆண்டறிக்கை இன்று இணையத்தில் எவருக்கும் கிடைக்கிறது. அதில் ஐந்து எண்களைப் பார்த்தால் போதும். முதலாவது, மொத்த வராக்கடன் விழுக்காடு. இரண்டாவது, ஒதுக்கீடு போக மிஞ்சும் நிகர வராக்கடன் விழுக்காடு. மூன்றாவது, வராக்கடனில் எவ்வளவுக்கு ஒதுக்கீடு செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் ஒதுக்கீட்டு விகிதம். நான்காவது, அவ்வாண்டில் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட தொகை. ஐந்தாவது, ரிசர்வ் வங்கி கண்ட வேறுபாடு ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பது. ஒரு வங்கி மற்ற வங்கிகளைவிட மிக அதிக வட்டி தருவதாக அழைத்தால், இந்த ஐந்தையும் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது. ஒரே வங்கியில் வைக்கும் தொகை, வட்டியையும் சேர்த்து, காப்பீட்டு வரம்பான 5 இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

1906-இல் சென்னையில் வைப்பு வைத்தவர்களுக்கு இந்த ஐந்து எண்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1960-இல் பாலையிலும் கிடைக்கவில்லை. நீதிமன்ற வழக்குகளும் குழு அறிக்கைகளும் பல குடும்பங்களின் சேமிப்பு இழப்பும் சேர்ந்து பெற்றுத் தந்தவை இவை. வணிகவியல் பயிலும் மாணவர்கள் தங்கள் ஊரில் கிளை வைத்திருக்கும் ஏதேனும் ஒரு வங்கியின் கடந்த ஐந்தாண்டு அறிக்கைகளை எடுத்து, இந்த எண்களை ஓர் அட்டவணையாக எழுதிப் பார்க்கலாம்.